[இசை ஒலிக்கிறது] என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓடிடி நிறுவனத்தாருக்கும், அங்கே சப்டைட்டிலைக் கவனிக்கும் பிரிவினருக்கும் வணக்கம்.

இதற்கு முன் மூன்று முறை எழுதிவிட்டேன், அதனால் விஷயம் உங்களுக்குத் தெரியும்: படத்தில் பாட்டு வரும்போது அதன் வரிகளை எழுதாமல் [இசை ஒலிக்கிறது] என்று மட்டும் போடுகிறீர்கள். கடைசியாக வந்த பதில்தான் இந்த மடலுக்குக் காரணம். "ஒலி அளவைக் கூட்டி வைத்துப் பாருங்கள்" என்று சொல்லியிருந்தீர்கள். காது கேட்காதவன் சப்டைட்டிலில் குறை என்று எழுதினால் கிடைக்கிற யோசனை இது. சரி என்று கூட்டினேன். பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டினார்களாம். அதுவும் எனக்குக் கேட்கவில்லை, மனைவிதான் போய்த் திறந்தாள்.

இளவயதில் நான் பேஸ் கிட்டார் வாசித்தவன். ஒரு பக்கம் ஆம்ப்ளிஃபயர், இன்னொரு பக்கம் சிம்பல், நடுவில் நான். இரைச்சலில் காது கெடும்போது முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்சுருதிப் பகுதி. ச, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் பிடிபடாமல் போகும். அதனால் ஒரு பாட்டில் ட்ரம் கேட்கும், பேஸ் கேட்கும், மெட்டு கூட ஓரளவு கேட்கும், சொல் மட்டும் கேட்காது. காது மிஷின் பேச்சுக்கு உதவுகிறது, ராக் இசைக்குள் நுழைந்ததும் திணறிப்போகிறது. ஏசி/டிசி ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சனே கேட்கும் திறன் போய்விடும் என்று டாக்டர்கள் எச்சரித்ததால் 2016இல் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டார். நான் எந்த மூலைக்கு?

போன வாரம் உங்கள் தளத்தில் 'ஸ்டில் கிரேஸி' பார்த்தேன். 1998இல் வந்த பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம். எழுபதுகளில் உடைந்துபோன ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட் என்ற ராக் குழு, இருபது வருடம் கழித்து, தொப்பையோடும் பழைய பகையோடும் மறுபடி சேர்கிறது. எங்களைப் போன்ற ஆட்களைக் கிண்டல் செய்கிற படம்தான், ஆனால் கிண்டல் அத்தனையும் சரி. ஜிம்மி நெயில் நடித்த பேஸ் வாசிப்பவர் லெஸ், பில் நை நடித்த பாடகரை முறைத்துக்கொண்டே திரிகிறார். கடைசியில் 'தி ஃப்ளேம் ஸ்டில் பர்ன்ஸ்' பாட்டை அந்த லெஸ்தான் பாடுகிறார். படம் முழுக்க அதற்காகவே உட்கார்ந்திருந்தேன். அவர் வாயைத் திறந்தார். கீழே எழுத்து வந்தது: [இசை ஒலிக்கிறது].

இசை ஒலிப்பது எனக்கே தெரிகிறது ஐயா. தரை அதிர்கிறதே.

மனைவி ஒரு பழைய தபால் கவரை எடுத்து, படத்தை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வரியாகக் கேட்டு எழுதினாள். ஒரே ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் ஆனது. பிறகு கவரைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். வரியைப் படித்தால் லெஸ்ஸின் முகத்தை விட்டுவிடுகிறேன், முகத்தைப் பார்த்தால் எந்த வரியில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. இந்த வேலைக்குத்தானே சப்டைட்டில்?

பாட்டு வரிகளை எழுதிப் போடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

இந்த வகைப் படங்களில் பாதி நகைச்சுவை பாட்டு வரிகளில்தான் இருக்கிறது. ஒரு கற்பனை ராக் குழுவைப் பற்றி 1984இல் வந்த 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' படத்தில் பாட்டுகளே பகடிதான், வரியை எடுத்துவிட்டால் முடி வளர்த்த நாலு பேர் கத்துகிறார்கள், அவ்வளவுதான். அதே படத்தில் இங்கிலாந்தின் பழைய கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் மாதிரி ஒன்றுக்கு, 18 அடி என்பதற்குப் பதில் 18 அங்குலம் என்று சீட்டில் குறித்துவிட, மேடைக்கு முழங்கால் உயர ஸ்டோன்ஹெஞ்ச் வந்து இறங்கும். உங்கள் சப்டைட்டில் பிரிவில் அந்தச் சீட்டை எழுதியவர் இருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

பாட்டு வரிக்குத் தனியாகக் காப்புரிமை என்பீர்கள். அமெரிக்காவில் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2014இல் கொண்டுவந்த விதி, டிவி சப்டைட்டிலில் பாட்டு வரியும் இருக்க வேண்டும் என்கிறது. பாடுவதற்கு வாங்கிய அனுமதியை எழுதுவதற்கும் சேர்த்து வாங்குவது அத்தனை பெரிய வேலையா? தூரத்தில் நாய் குரைப்பதை, யாரோ செருமுவதை எல்லாம் தவறாமல் எழுதுகிறீர்கள். அந்த நாய்க்குக் கிடைக்கிற மரியாதை ஜிம்மி நெயிலுக்குக் கிடைக்கவில்லை.

இதில் இன்னொன்று. கடைசிப் பாட்டு ஓடும்போது படத்தை மூலையில் சுருக்கி, "அடுத்து இதைப் பாருங்கள்" என்று வேறொரு படத்தைத் தள்ளுகிறீர்களே, யார் கேட்டது? வாசித்தவர்களின் பெயரைப் படிக்கவும் ஆள் இருக்கிறோம். சந்தாவை ஏற்றும்போது மட்டும் எழுத்து பெரிதாக, தெளிவாக வருகிறது. சரி, அது வேறு கோபம். இங்கே வேண்டாம்.

தயவுசெய்து பாட்டு வரிகளை எழுதிப் போடுங்கள். எல்லாப் படத்துக்கும் ஒரே நாளில் முடியாது என்பது புரிகிறது. இசைக்குழுக்களைப் பற்றிய படங்களிலிருந்து தொடங்கலாம், அதிலும் 'ஸ்டில் கிரேஸி'யிலிருந்து தொடங்கினால் மிகவும் நன்றியுள்ளவனாக இருப்பேன். மனைவி எழுதிய கவர் பத்திரமாக இருக்கிறது. வேண்டுமென்றால் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். இரண்டாவது சரணத்தில் ஒரு சொல் மட்டும் அவளுக்கும் சரியாகப் பிடிபடவில்லை, அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய சந்தாதாரர், முன்னாள் பேஸ் கிட்டார்காரன்