வினைச்சொல்லுக்கு அப்புறம் வருவதைச் சொல்லிக் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பட்டம் வாங்கிய பிள்ளைகள்கூட நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில் நாலு வரி சேர்ந்தாற்போல் பேசத் திணறுகிறார்கள் என்று சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொல்வளம் போதவில்லை, காலங்கள் பிடிபடவில்லை, கூச்சம் போகவில்லை என்று கட்டுரையாளர் காரணம் சொல்லியிருந்தார். எல்லாம் உண்மைதான். ஆனால் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்கில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து வருகிறவள் என்ற முறையில், அவர் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வினைச்சொல் வரைக்கும் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். அதற்கு அப்புறம் என்ன வர வேண்டும், எந்த வரிசையில் வர வேண்டும் என்பதை நாம் யாரும் அவர்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை.

"நேற்று சாயங்காலம் அக்காவோடு பஸ்ஸில் சந்தைக்குப் போனேன்." இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் "ஐ வென்ட்" என்று பட்டென்று வந்துவிடும். அப்புறம் நின்றுவிடும். பிள்ளை மேலே பார்க்கும், கீழே பார்க்கும், "டு... பை... வித்..." என்று முனகும். சொல் தெரியாமல் இல்லை. சந்தை, பஸ், அக்கா எல்லாவற்றுக்கும் ஆங்கிலச் சொல் தெரியும். வென்ட் என்ற இறந்தகால வடிவமும் சரியாகத்தான் வந்தது. தமிழில் நேரம், துணை, வண்டி, இடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் 'போனேன்' வரும். வினை வந்தால் வாக்கியம் முடிந்தது என்பது நம் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஆங்கிலத்தில் இரண்டாவது சொல்லிலேயே வினை வந்து நின்றுவிடுகிறது, சொல்ல வேண்டியது அத்தனையும் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது.

"ஐ வென்ட் டு தி மார்க்கெட் பை பஸ் வித் மை சிஸ்டர் எஸ்டர்டே ஈவினிங்." இப்போது தமிழ் வாக்கியத்தைக் கடைசியிலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள்: போனேன், சந்தைக்கு, பஸ்ஸில், அக்காவோடு, நேற்று சாயங்காலம். ஆங்கிலத்தின் வரிசை அப்படியே வந்துவிடுகிறது! ஒவ்வொரு தொடருக்குள்ளும் இதே கதைதான். 'சந்தைக்கு' என்பதில் 'கு' பின்னால் ஒட்டுகிறது, 'டு தி மார்க்கெட்' என்பதில் 'டு' முன்னால் நிற்கிறது. 'அக்காவோடு', 'வித் மை சிஸ்டர்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே புரிந்துவிடும். இதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டும் நாளில் வகுப்பின் முகமே மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்தத் தலைகீழ் வரிசை தற்செயலாக அமைந்ததும் இல்லை. ஜோசப் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1963-ல் வெளிவந்த ஆய்வில் 30 மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். வினை கடைசியில் வரும் மொழிகளில் உருபுகள் பெயருக்குப் பின்னால் வருவதுதான் மிகப் பெரும்பாலான வழக்கம் என்று அதில் காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட மொழிகளில் நம் கன்னடமும் உண்டு, ஜப்பானியமும் துருக்கியும் உண்டு. தமிழும் அதே கட்டுமானம். ஆங்கிலமே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெயரின் ஈற்றில் வேற்றுமை காட்டிய மொழிதான். அந்த ஈறுகள் காலப்போக்கில் தேய்ந்துபோக, அவை செய்துவந்த வேலையைச் சொற்களின் வரிசையும் பெயருக்கு முன்னால் நிற்கும் சிறு சொற்களும் ஏற்றுக்கொண்டன. ஹீ, ஹிம், ஹிஸ் என்பதில் பழைய வேற்றுமையின் மிச்சம் இன்றும் இருக்கிறது. அதனால்தான் ஆங்கிலத்தில் வரிசையை மாற்றினால் வாக்கியமே உடைகிறது. தமிழில் 'சந்தைக்கு அக்காவோடு பஸ்ஸில்' என்று எப்படி மாற்றிப் போட்டாலும் உருபு காப்பாற்றிவிடுகிறது.

இனி, நான் அதிகம் திருத்தும் பிழைக்கு வருகிறேன். "ஷீ ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்", "ஐ லைக் வெரி மச் காபி." இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போவது அநியாயம். "அவள் இங்கிலீஷை நன்றாகப் பேசுவாள்" என்று தமிழில் சொல்லும்போது, எப்படி என்று சொல்லும் 'நன்றாக' வினையை ஒட்டி நிற்கிறது. பிள்ளை அந்த ஒட்டுதலை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறது. ஆங்கிலத்தில் வினையை ஒட்டி நிற்கும் உரிமை செயப்படுபொருளுக்குத்தான். "ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்." செயப்படுபொருள் மிக நீளமாக இருந்தால் மட்டும் 'வெல்' போன்ற வினையடை, அதாவது எப்படி என்று சொல்லும் சொல், முந்திக்கொள்ளலாம். இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்தால் பாதிப் பிழை போய்விடும்.

செயப்படுபொருளுக்கு அப்புறம் பொதுவாக எப்படி, எங்கே, எப்போது என்ற வரிசை. போவது, வருவது போன்ற வினைகளில் எங்கே என்பது முதலில் வரும். நேரத்தை வேண்டுமானால் வாக்கியத்தின் தலையிலும் வைத்துக்கொள்ளலாம். ஆல்வேஸ், ஆஃபன், நெவர் ஆகியவை வினைக்கு முன்னால் நிற்கும், ஆனால் ஈஸ், ஆர் போன்றவற்றுக்குப் பின்னால் போய்விடும். இதெல்லாம் எந்த இலக்கணப் புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பது வகுப்பில் கடைசி வாரத்தில், தேர்வுக்கு முன் அவசர அவசரமாகத் தாண்டப்படுகிறது என்பதுதான் என் மனக்குறை.

இடம் மாறினால் பொருளே மாறிவிடும் என்பதையாவது சொல்ல வேண்டாமா? "ஹீ ஆன்ஸர்ட் தி கொஸ்டின் ஃபூலிஷ்லி" என்றால் அவன் சொன்ன பதில் முட்டாள்தனமானது. "ஹீ ஃபூலிஷ்லி ஆன்ஸர்ட் தி கொஸ்டின்" என்றால் பதில் சரியாகவே இருந்திருக்கலாம், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில் பேசியதுதான் முட்டாள்தனம். ஒரே ஐந்து சொற்கள்தான்.

சில வினைகளுக்குப் பின்னால் வருவது வெறும் கூடுதல் விவரம் இல்லை, அது இல்லாவிட்டால் வாக்கியமே நிற்காது. "ஐ புட் தி பேக்" என்று நிறுத்தினால் கேட்பவர் காத்துக்கொண்டே இருப்பார். "ஆன் தி டேபிள்" என்றோ "அண்டர் தி பெஞ்ச்" என்றோ சொன்னால்தான் முடியும். "கேளு" என்பதற்கு 'ஐ' உருபு போதும் என்பதால் பிள்ளைகள் "லிஸன் மீ" என்கிறார்கள், அங்கே 'டு' வேண்டும். சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததை "ரீச்ட் டு சென்னை" என்கிறார்கள், அங்கே 'டு' கூடாது. 'பற்றி' என்று தமிழில் வருவதால் "டிஸ்கஸ் அபௌட்" என்கிறார்கள், அங்கே 'அபௌட்' கூடாது. வினையைத் தனியாக மனப்பாடம் செய்ய வைப்பதால் வரும் வினை இது. 'வெயிட்' என்று எழுதிப் போடாமல் 'வெயிட் ஃபார்' என்று, 'டிபெண்ட்' என்று எழுதாமல் 'டிபெண்ட் ஆன்' என்று, வாலோடு சேர்த்தே எழுதிப் போட வேண்டும். விடுப்புக் கடிதத்தில் "சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்பதை ஒரு பிள்ளையும் தப்பாக எழுதுவதில்லை. ஏன்? அதை மட்டும் முழுசாகச் சேர்த்துப் படித்திருக்கிறார்கள்.

பத்திரிகைக்கும் இதில் சம்பந்தம் உண்டு, அதனால் ஒன்று சொல்கிறேன். "தி மினிஸ்டர் ஸ்போக் அபௌட் தி ஃப்ளட்ஸ் இன் தி அசெம்ப்ளி" என்ற வாக்கியத்தில் கடைசித் தொடர் வெள்ளத்தைச் சேர்ந்ததா, பேசியதைச் சேர்ந்ததா? வடிவத்தை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் இடம் உண்டு, அர்த்தத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழில் "சட்டசபையில் பேசினார்" என்று எழுதினால் சந்தேகமே இல்லை. அவசரத்தில் மொழிபெயர்க்கும்போது வாலைத் தவறான இடத்தில் ஒட்டிவிட்டால் செய்தியே மாறிவிடும். வினைக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு தொடரும் எதைச் சேர்ந்தது என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் வராது.

எப்படிச் சொல்லிக் கொடுப்பது? நான் செய்வது எளிதான வேலை. "ஐ வெயிட்டட்" என்று ஒரு பிள்ளை சொல்ல வேண்டும். யாருக்காக என்று அடுத்த பிள்ளை தமிழிலேயே கேட்கலாம். "ஐ வெயிட்டட் ஃபார் மை மதர்." எங்கே? "அட் தி பஸ் ஸ்டாண்ட்." எவ்வளவு நேரம்? "ஃபார் ஆன் அவர்." ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து முழு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும், அதில் மட்டும் சலுகை கிடையாது. பத்து நிமிஷத்தில் பதினைந்து சொல் வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்கிறார்கள். பேசத் தெரியாது என்று ஒதுங்கி உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான் இவர்கள்.

இன்னொன்று, தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பாடவேளையில் சேர்ந்து நின்று வேற்றுமை உருபுகளைச் சொல்லிக் கொடுத்தால் என்ன? ஐ, ஆல், கு என்று நம் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். அந்த அறிவை ஆங்கில வகுப்பின் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறோம். தமிழ் இலக்கணம் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கில வாக்கியம் கஷ்டமே இல்லை என்பது என் அனுபவம்.

உங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு வினைச்சொல்லுக்கு ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள். அந்த வினைக்குப் பின்னால் எது வரும், எது வரக்கூடாது, தமிழில் அதற்கு எந்த உருபு என்று மூன்றையும் நேர்நேராகப் போடுங்கள். முதல் வாரத்துக்கு 'புட்', 'வெயிட்', 'லிஸன்' மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியை,
தென்காசி