மலருக்கு, டப்ளினிலிருந்து

டப்ளின்,
அக்டோபர் 2025

அன்புள்ள மலர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. நைட் டியூட்டி தொடர்ந்து வந்ததால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு.

அங்கே இன்னும் வரிக்காகத்தான் சண்டை போடுகிறார்களா என்று கேட்டிருந்தாய். ஆமாம். இந்த மாதம் 7ஆம் தேதி பட்ஜெட் வந்தது. வருமான வரி வரம்பை ஏற்றவில்லை. போன குளிர்காலத்தில் கரன்ட் பில்லில் 250 யூரோ கழித்துக் கொடுத்தார்கள், இந்த முறை அதுவும் கிடையாது. ஆனால் ஹோட்டல் சாப்பாட்டுக்கு வாட் வரியை 13.5 சதவீதத்திலிருந்து 9 ஆக, வரும் ஜூலை முதல் குறைக்கிறார்கள். அரிசி, பால், வெண்ணெய்க்கு இங்கே ஏற்கெனவே வாட் இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் மளிகை விலை ஏறி அல்லாடுகிற குடும்பத்துக்கு இதில் ஒரு காசு மிச்சமில்லை. எதிர்க்கட்சிகள் இதைப் பிடித்துக்கொண்டன. கடைகள் மூடாமல் இருக்க வேண்டாமா என்று அரசு கேட்கிறது. சின்னக் கடைக்காரர்கள் கஷ்டப்படுவது உண்மைதான், நம் தெருமுனை காபிக்கடையையே போன வருஷம் மூடிவிட்டார்கள். ஆனாலும் இந்த வரிக்குறைப்பில் அரசு விட்டுக்கொடுக்கும் இவ்வளவு பெரிய தொகை முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அதுவல்ல என்றே எனக்குப் படுகிறது.

போன வருஷம் நவம்பரில் தேர்தல் நடந்ததே, அப்போது வீட்டுக் கதவைத் தட்டி ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரோடும் நின்று பேசினேன். யுஎஸ்சி ஞாபகம் இருக்கிறதா? பேஸ்லிப்பில் மூன்றாவது வரியாகப் பிடிப்பார்களே, பாங்குகள் விழுந்தபோது 2011இல் கொண்டுவந்தது. ஆளும் ஃபியனா ஃபால், ஃபினே கேல், எதிர்க்கட்சியான ஷின் ஃபேன் என்று மூன்று பெரிய கட்சிகளும் அதைக் குறைப்போம் என்றன. ஷின் ஃபேன் ஒரு படி மேலே போய், முதல் 45,000 யூரோ வருமானத்துக்கு அடியோடு எடுத்துவிடுவோம் என்றது. அதே மூன்று கட்சிகளும் ஆஸ்பத்திரியில் படுக்கை கூட்டுவோம், வீடு கட்டுவோம் என்றும் சொல்லின. ஒரு இளம்பெண்ணிடம், "வரியையும் குறைத்துவிட்டு வார்டும் திறப்பது எப்படி?" என்று கேட்டேன். கம்பெனி வரியில் பணம் கொட்டுகிறது என்றாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. ஆப்பிள் கம்பெனி தர வேண்டிய 1,300 கோடி யூரோ வரிப் பாக்கி நமக்கு வேண்டாம் என்று இந்த நாட்டு அரசே எட்டு வருஷம் வழக்கு நடத்தியது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றுவிட்டது. அதைச் சேர்க்காமலே 2024இல் கம்பெனி வரி 2,800 கோடி யூரோ. அதில் பாதிக்கு மேல் பத்தே கம்பெனிகள் கட்டுவது, பெரும்பாலும் அமெரிக்கக் கம்பெனிகள். வாஷிங்டனில் ஒரு சட்டம் மாறினால் இங்கே எத்தனை வார்டுக்குப் பணமில்லாமல் போகும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். தலைவரிடம் சொல்கிறேன் என்று எழுதிக்கொண்டாள். நல்ல பெண்தான், குளிரில் கை விறைத்துப்போய் நின்றாள்.

நான் ஏன் வார்டு வார்டு என்கிறேன் என்றால், போன மாதம் பார்த்த ஒரு பாட்டியை மறக்க முடியவில்லை. எண்பத்தாறு வயது. வார்டில் இடம் இல்லாமல் காரிடாரில் ட்ராலியில் படுத்திருந்தார்கள், பத்தொன்பது மணி நேரம். மேலே ட்யூப் லைட் அணையவே இல்லை. செருப்பு தொலைந்துவிடும் என்று அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வயிற்றின் மேல் அணைத்துக்கொண்டு, நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "விடிந்துவிட்டதா?" என்று கேட்டார்கள். ஒரு ஸ்க்ரீனைத் தேடிப் பிடித்து மறைத்துத்தான் பெட்பேன் வைத்தேன். நீ இருந்தபோது இருந்த அதே நிலைமை. நம் நர்ஸ்கள் சங்கம் இன்னும் தினமும் காலையில் ட்ராலிக் கணக்கு எடுக்கிறது. 2023 ஜனவரி 3 அன்று நாடு முழுக்க 931 பேர். அன்றைக்கு நானும் டியூட்டியில் இருந்தேன்.

அந்தப் பாட்டிக்கு ஒரு படுக்கை கிடைக்கும் என்றால் என் சம்பளத்தில் இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளட்டும். மனசாரச் சொல்கிறேன். வரியை ஏற்றிப் படுக்கை தருகிறோம் என்று வாக்கு கொடுத்துக் கதவைத் தட்டியவர் ஒருவர்கூட இல்லை.

இதை யோசிக்கும்போதுதான் 2014 ஞாபகம் வருகிறது. அக்டோபர் 11, சனிக்கிழமை. புதிதாகப் போட்ட வீட்டுத் தண்ணீர்க் கட்டணத்துக்கு எதிராக நாம் நடந்த ஊர்வலம், ஓ'கானல் தெரு கொள்ளாத கூட்டம். முந்தின நாள் நடந்த இடைத்தேர்தலில் கட்டணத்தை எதிர்த்து நின்ற பால் மர்ஃபி ஜெயித்துவிட்டார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை கட்டணம் கட்டுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஷின் ஃபேன் தலைவர்கள், அதற்கப்புறம் கட்ட மாட்டோம் என்றார்கள். ஃபியனா ஃபால் இன்னும் மோசம். 2010இல் நாட்டுக்குக் கடன் கொடுத்த ஐரோப்பிய யூனியனிடமும் ஐஎம்எஃப்பிடமும் இந்தக் கட்டணத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட கட்சியே, 2016இல் இதை நிறுத்தினால்தான் ஃபினே கேல் ஆட்சிக்கு ஆதரவு என்றது.

நாம் நடந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, மலர். பாங்குகளைக் காப்பாற்ற 6,400 கோடி யூரோ கொட்டிய கையோடு நம் வீட்டுக் குழாயில் மீட்டர் மாட்ட வந்தார்கள். கோபம் நியாயமானது. நீ பில்லை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்துக் கடைசிவரை கட்டவில்லை. நான் பயந்துபோய்க் கட்டினேன். 2017 கடைசியில் அந்தப் பணம் செக்காகத் திரும்பி வந்தது. அந்த செக்கைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. கட்டணத்தை நீக்கியவர்கள், அதற்குப் பதிலாகக் குழாய்க்கு எங்கிருந்து பணம் வரும் என்று துணிந்து சொல்லவில்லை. இதே கதை 1977இலும் நடந்திருக்கிறது. வீட்டு வரியை ஒழிப்போம் என்று ஃபியனா ஃபால் பெரிய வெற்றி பெற்றது. அதிலிருந்து நகராட்சிகள் பலவற்றுக்கும் மத்திய அரசிடம் கையேந்தி நிற்கின்றன. இன்று டப்ளினைச் சுற்றி வீடு கட்ட நிலம் இருக்கிறது, கட்ட ஆளும் வருகிறார்கள், தண்ணீர் இணைப்பும் சாக்கடை இணைப்பும் கிடைப்பதில்லை. ஷானன் ஆற்றிலிருந்து 170 கிலோமீட்டர் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் இத்தனை வருஷமாகப் பேச்சிலேயே இருக்கிறது.

அந்த வீடு இல்லாத குறைதான் என் வீட்டிலும். நிலாவுக்கு இருபத்துநாலு வயது, வேலைக்குப் போய் இரண்டு வருஷம். வாடகை கட்ட முடியாமல் எங்களோடுதான் இருக்கிறாள். கூடப் படித்தவர்களில் நாலு பேர் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். இவளும் விசா பாரம் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறாள். நான் எதுவும் சொல்லவில்லை, ராத்திரி தூக்கம் வருவதில்லை.

நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். ஏழை வீட்டுத் தண்ணீருக்குக் காசு கேட்கக் கூடாது என்பாய். அதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. ஆனால் வேறு யாரிடம் கேட்பது என்று நீ யோசித்து எழுது. சுருக்கமாக இல்லாமல், முன்பு சமையலறையில் நின்று சண்டை போடுவாயே, அந்த மாதிரி எழுது.

ஜனவரியில் மதுரைக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. அன்றைக்கு ஊர்வலத்தில் நீ போட்டிருந்த மஞ்சள் ஸ்வெட்டர் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. துவைத்துக் கொண்டுவருகிறேன்.

உன்,
சாந்தா