காதலர் தினக் குறுக்கெழுத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

பிப்ரவரி 14 இதழில், விடையைச் சொல்விளையாட்டில் ஒளித்து வைக்கும் பூடகக் குறிப்புகளோடு வந்த காதல் குறுக்கெழுத்தை மிகவும் ரசித்தேன். 'காலி வீட்டில் தம்பி தலையை நீட்ட, மனம் கவர்ந்தவள் (3)' என்ற குறிப்பில் (அடைப்பில் இருப்பது விடையின் எழுத்துக் கணக்கு) 'காலி'க்கு நடுவே 'த' நுழைந்து 'காதலி' வந்து நின்றாளே, அதுதான் வேலைப்பாடு. 'ஊடலுக்குப் பின் மதுரை (3)' அதைவிட அழகு. ஊடல் தீர்ந்து சேர்வதும் கூடல், மதுரையின் பழம்பெயரும் கூடல்; அதை எழுதும்போது வாய்விட்டுச் சிரித்தேன். 'பிரிந்தவள் மேனியில் படரும் கீரை (3)' என்பதற்கு என் கணவர் சந்தையில் உள்ள கீரைகளையெல்லாம் சொல்லிப் பார்த்தார், பிரிவால் மேனியில் படரும் நிறமாற்றத்துக்கும் பெயரான பசலையைத் தவிர.

ஒரு குறை. 'தங்கம் தொடங்க விலை, நாயகி (3)' என்பதற்கு விடை தலைவி. 'த'வுக்குப் பின் 'விலை'யைத் திருப்பிப் போட வேண்டும் என்பது சரி. ஆனால் திருப்பச் சொல்லும் சொல் குறிப்பில் எங்கே? 'விலை திரும்ப' என்றிருந்தால் போதுமே! பூடகம் எவ்வளவு கடினமாகவும் இருக்கலாம். வழி மட்டும் குறிப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். 'ரோஜா', 'சாக்லேட்' இரண்டுக்கும் நேரடிப் பொருளையே கொடுத்திருந்தது சோம்பல். காமத்துப்பாலில் 250 குறள்கள் இருக்க, சாக்லேட்டுக்கு ஏன் போக வேண்டும்?

விடைகளை அதே பக்கத்தில் தலைகீழாக அச்சிடாமல் மறுவாரம் வெளியிடுங்கள். என் வீட்டில் பேப்பரைத் திருப்பிப் பார்க்கும் ஆள் ஒருவர் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
மயிலாடுதுறை