சதை எடுத்துப் பார்க்காமல் காசநோய் மாத்திரை கொடுக்காதீர்கள்

உறுப்பு மாற்று சிகிச்சைத் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு அவர் அம்மாவின் சிறுநீரகம் வைத்து 5 வருடம் ஆகிறது. மாதம் தவறாமல் விடியற்காலை பஸ் ஏறி, மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கிச் செக்கப்புக்கு வருகிறோம். நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் கிரியாட்டினின், அதாவது கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு, எழுதியிருக்கிறது. கழுத்தைத் தொட்டுப் பார்த்ததாக ஒரு வரி இல்லை.

தை மாதம் காதுக்குக் கீழே நெறிகட்டியது, புளியங்கொட்டை அளவு. ராத்திரி வியர்வையில் பனியனைப் பிழியலாம். சதை எடுத்துப் பார்க்காமலே காசநோய் மாத்திரை ஆரம்பித்தார்கள். அதிலுள்ள ரிஃபாம்பிசின், கிட்னியைக் காக்கும் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடுமாம். அதுவும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பங்குனியில் சட்டையின் மேல் பொத்தான் போட முடியவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார். அப்புறம்தான் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி. லிம்போமா, நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய்.

எப்ஸ்டீன்-பார் வைரஸ் பெரும்பாலோர் உடம்பில் சின்ன வயதிலேயே வந்து தூங்குகிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது விழித்து இப்படி ஆகலாம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது கட்டிக்கு ரிடுக்ஸிமாப் ஊசி போகிறது. எதிர்ப்புச் சக்தி மாத்திரையைக் குறைத்தால்தான் கட்டி அடங்கும்; ரொம்பக் குறைத்தால் கிட்னி போய்விடும். ஒவ்வொரு ரிப்போர்ட் வரும்போதும் அத்தை கேட்பது ஒன்றுதான்: "என்னுது நல்லாருக்காடி?"

நம் ஊரில் காசநோயைச் சந்தேகப்பட்டது தப்பில்லை. பார்க்காமலே முடிவு கட்டியதுதான் தப்பு. கட்டி தெரிந்தால் முதலில் பயாப்சி என்று எழுத்துப்பூர்வமாக உத்தரவு போடுங்கள்.

2008-லிருந்து உறுப்பு தானத்தில் நாம்தான் முன்னோடி என்று பேனர் கட்டுகிறீர்கள். 2023 முதல் தானம் செய்தவர் உடலுக்கு அரசு மரியாதை. சந்தோஷம், நாங்களும் கை தட்டுகிறோம். வாங்கிக்கொண்டு உயிரோடு வரிசையில் நிற்பவருக்கு மரியாதை வேண்டாம். கழுத்திலும் அக்குளிலும் 2 விரல் வைத்துப் பார்த்தால் போதும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது அதே ஒன்றுதான்: முதலில் பயாப்சி, பிறகு மாத்திரை. வைரஸ் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனையையும் மதுரையிலேயே காப்பீட்டில் செய்து கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

போன வாரம் எங்கள் பக்கத்தில் கிட்னி வைத்த ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தது, எட்டு வயதுகூட இருக்காது. இந்த வைரஸ் இன்னும் வராத பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகமாம். அதன் நோட்டையும் எட்டிப் பார்த்தேன். கிரியாட்டினின் மட்டும்தான் இருந்தது.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மனைவி