மஞ்சப்பை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. பார்சலில் ஸ்வெட்டர் இரண்டு, அரைக் கிலோ மிளகு, அம்மா இடித்த மல்லிப்பொடி, தேயிலை எல்லாம் இருக்கின்றன. சென்னை வெயிலில் ஸ்வெட்டரைப் பார்த்துச் சிரிக்காதே. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க நீ போகப்போகும் வியட்நாம் ஊர் டாலாட் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி அளவுக்கு இல்லை, ஆனால் நம் பந்தலூரைவிட நன்றாகவே குளிரும். 1893இல் யெர்சின் என்ற மருத்துவர் அந்த மேட்டு நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தாராம். அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே ஊர் கட்டினார்கள். பிளேக் கிருமியைக் கண்டுபிடித்த அதே யெர்சின்தான். வியட்நாமில் சிங்கோனா நட்டவரும் அவரே. நடுவட்டத்தில் சிங்கோனா பட்டையை வாயில் வைத்துவிட்டு, கூடலூர் வரை பஸ் ஜன்னலில் துப்பிக்கொண்டே வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒர்க் பர்மிட்.

"முதலில் டூரிஸ்ட் விசாவில் வாங்க, பர்மிட் அப்புறம் போட்டுக்கலாம்" என்று அந்த ஏஜென்ட் சொன்னதாக அம்மாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. டூரிஸ்ட் விசாவில் போய் வகுப்பெடுப்பது அந்த நாட்டுச் சட்டத்துக்கு விரோதம். மாட்டினால் அபராதம் உனக்கும்தான், திருப்பி அனுப்பினால் உன்னைத்தான். ஏஜென்ட் போனை எடுக்க மாட்டான். பர்மிட்டுக்கு மனு போட வேண்டியது வேலை தருகிறவர்கள். நீ கொடுக்க வேண்டியது பட்டச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ், போலீஸ் சான்று, மருத்துவச் சான்று. பட்டத்துக்கு டெல்லி வரை அனுப்பி முத்திரை வாங்க நாளாகும், இன்றைக்கே ஆரம்பி. அப்பாயி சிலோனிலிருந்து மண்டபம் கேம்ப்பில் வந்து இறங்கியபோது மடியில் இருந்தது அந்தக் குடும்ப அட்டை ஒன்றுதான். அது இல்லாதவர்கள் பட்ட பாடு உனக்கே தெரியும். காகிதம் இல்லாமல் கடல் தாண்டக் கூடாது. வேறு யார் தாண்டினாலும் நம் வீட்டில் தாண்டக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவிடம் பேசுகிறாய். கடைசியில் "அப்பாவைக் கேட்டதா சொல்லும்மா" என்கிறாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்கிறது.

ஆங்கிலம் கற்பிக்கிறவர்களுக்கான அந்த செல்டா பயிற்சியைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். 120 மணி நேரம், அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டுமாம். பயிற்சி தருகிறவர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். நான் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த மாதிரி ஒன்றும் கிடையாது. கெட்டிக்காரி, தேறிவிடுவாய். பின்னால் உட்கார்ந்திருப்பவர் நடுவில் எழுந்து பேசமாட்டார், இல்லையா?

பி.எட். முடித்துத் தகுதித் தேர்வு எழுதியிருந்தால் இந்த டெல்லி முத்திரையெல்லாம் தேவைப்பட்டிருக்காது. சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

பாடத்தைப் பற்றி எனக்குத் தோன்றியது ஒன்று. நம் பிள்ளைகள் ஆங்கில வார்த்தைக்குக் கடைசியில் ஒரு உகரத்தை ஒட்டுவார்கள்: புக்கு, பஸ்ஸு. வியட்நாம் பிள்ளைகள் அதற்கு நேர்மாறு, கடைசி மெய்யை விழுங்கிவிடுவார்களாம். 'நைஸ்' வெறும் 'நை' ஆகிவிடும். அவர்கள் மொழியில் காலத்துக்கு ஏற்ப வினைச்சொல் உருமாறாது, பெயர்ச்சொல்லில் பன்மை விகுதி கிடையாது. அதனால் 'டூ டாக்ஸ்' என்பதை 'டூ டாக்' என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. இன்னொன்று, அவர்கள் எழுதுவதே ரோமன் எழுத்தில்தான். ஏ பி சி டி எழுதிப்போட்டு நாளைக் கடத்தாதே. நான் முதல் வருஷம் முழுக்க அதைத்தான் செய்தேன்.

முதல் வகுப்புக்கு என்ன எடுத்துப்போவது என்று அம்மாவைக் கேட்டாயாம். டாலாட்டிலும் கேரட் விளையும். உன் பை ஒன்று போதும்.

அந்தப் பையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், பர்மிட்டிலேயே இரண்டு பக்கம் போய்விட்டது.

மே மாதம் நம் திண்ணையில் எஸ்டேட் லயத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரை உட்கார வைத்து, உள்ளே இருப்பதைத் தடவியே கண்டுபிடிக்கச் சொல்லி மஞ்சப்பையைச் சுற்றில் விட்டாய். "இஸ் இட் எ கேரட்?" "நோ!" என்று ஒரே கூச்சல். கடைசி லயத்துப் பையன், பெயர் கேட்டாலே தலையைக் குனிகிறவன், கையைப் பைக்குள் விட்டான், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான், "இஸ் இட் எ ஆரஞ்ச்?" என்றான். நான் எழுந்து "ஆன் ஆரஞ்ச்" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். உன் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி ஏ, ஈ, ஐ, ஓ, யூ எழுதி, விதியை மூன்று தடவை ஒப்பிக்க வைத்தேன். உள்ளே ஏதோ கடித்தது மாதிரி அவன் கையை வெளியே எடுத்தான். நீ ஒன்றும் சொல்லவில்லை. "யானை வர்ற நேரமாச்சு, கிளம்புங்க" என்று பிள்ளைகளை அனுப்பினாய். அப்போது மணி நாலரைகூட ஆகவில்லை.

விதி சரிதான். ஆனால் நான் விதிக்காக எழவில்லை. 1989இல் சேர்ந்து 31 வருஷம் வேலை பார்த்தேன். என் வகுப்பில் ஒரு பிள்ளைகூடத் தானாக ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேள்வியையும் நானே போர்டில் எழுதுவேன், பதிலையும் நானே எழுதுவேன், அவர்கள் பார்த்து எழுதுவார்கள். 2007இல் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தன. கிழித்துவிடுவார்கள் என்று பீரோவில் பூட்டிவைத்தேன். அதிகாரி வரும் அன்று மட்டும் தரையில் பரப்புவேன். கிழிந்துவிடும் என்பதெல்லாம் சாக்கு. அட்டை கைக்குப் போனால் பிள்ளை ஏதாவது கேட்கும், ஆங்கிலத்தில் கேட்டுவிட்டால் எனக்குப் பதில் வராது. அந்தப் பயம்தான். நீ இருபது நிமிஷத்தில் அந்தப் பையனைப் பேச வைத்துவிட்டாய். எனக்குப் பொறுக்கவில்லை பாப்பா. பெற்ற மகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று எழுதக் கை கூசுகிறது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

போன வாரம் அந்தப் பையன் கேட்டண்டை வந்து "டீச்சரக்கா எப்ப வரும்?" என்றான். உள்ளே வாடா என்றேன். வராமல் ஓடிவிட்டான்.

சைகோனில் ட்ரூங் டின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, நம் ஆட்கள் அந்தக் காலத்தில் கட்டியது. டாலாட் அங்கிருந்து 300 கிலோமீட்டர். பஸ் ஏறுவதற்கு முன் போய்விட்டுப் போ, அம்மா காசு முடிந்து வைத்திருக்கிறாள்.

மஞ்சப்பையையும் பார்சலில் வைத்திருக்கிறேன், வாயைக் கட்டி. அவிழ்த்து எட்டிப் பார்க்காதே, கையை விட்டுத் தடவிப் பார். என்ன என்று ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொல். 'எ' போட்டுச் சொன்னாலும் சரி, 'ஆன்' போட்டுச் சொன்னாலும் சரி.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: பர்மிட் வந்ததும் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பு. எனக்கு அனுப்பப் பிடிக்காவிட்டால் அம்மாவுக்கு அனுப்பு. பர்மிட் இல்லாமல் ஏறாதே.