30 வயசோட ஸ்ட்ரைக்கர் முடிஞ்சி போறதில்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் விளையாட்டு பக்கத்துல ஒரு கட்டுரை வந்துச்சி. ஃபுட்பால்ல ஸ்ட்ரைக்கரா, அதாவது கோல் அடிக்க முன்னாடி நிக்கிறவனா ஆடுறவனுக்கு 28 வயசு தான் உச்சம், 30 தாண்டினா இறங்குமுகம், 20 வயசுக்குள்ள பெரிய கிளப் கண்ணுல படலன்னா வேற பொழப்ப பாத்துக்கறது நல்லதுன்னு எழுதியிருந்தாங்க. அதை எங்க டீம் பையன் ஒருத்தன் போன்ல ஃபோட்டோ எடுத்து குரூப்புல போட்டான். அவனுக்கு 22 வயசு. படத்த போட்டதோட சரி, கீழ ஒரு வார்த்தை எழுதல, அன்னிக்கு சாயங்காலம் ஆட வரவும் இல்ல. அதுக்காக தான் இந்த லெட்டர் எழுதுறேன்.

எனக்கு ஊரு பள்ளிகொண்டா. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனில லாஸ்டிங் செக்‌ஷன்ல, அச்சுல தோல இழுத்து ஷூக்கு வடிவம் குடுக்கற வேலை, விடிகாலைல கம்பெனி பஸ் ஏறினா வீடு திரும்ப இருட்டிடும். ஞாயித்துக்கிழமை மட்டும் பசங்கள கூட்டி பாலாத்துல ஃபுட்பால் ஆட்றோம், தண்ணி இல்லாத மாசத்துல ஆறு தான் எங்க கிரவுண்டு, 2021 நவம்பர் வெள்ளத்துல எங்க கோல் போஸ்ட் ரெண்டும் அடிச்சிக்கினு போயிடுச்சி, திரும்ப சவுக்கு கட்டை வாங்கி நட்டோம். கோச்சுன்னு சர்டிஃபிகேட் எல்லாம் எனக்கு கிடையாது. 23 வயசு வரைக்கும் ஃபார்வர்டா ஆடினேன், ஷிஃப்ட் வேலைக்கு போனதும் விட்டுட்டேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி கம்பெனிக்கு புது மெஷின் வந்தப்போ அதை மாட்டி குடுக்க இத்தாலிலேர்ந்து ஒரு டெக்னீஷியன் வந்தாரு. லீவு நாள்ல எங்க ஆட்டத்த பாக்க வந்து மணல்ல உக்காந்துகினு, நாங்க எல்லாரும் வேலைக்கு போற ஆளுங்கன்னு தெரிஞ்சதும், போன்ல ஒரு பேர தேடி எடுத்து காட்டினாரு. தாரியோ ஹூப்னர், இத்தாலி ஸ்ட்ரைக்கர். நான் அதுவரைக்கும் கேள்விப்பட்டதில்ல. பாஜ்ஜியோ, டெல் பியேரோ, டோட்டின்னு அங்க இருந்த ஸ்டார் ஆளுங்க எல்லாம் தெரியும், இந்த பேரு தெரியாது. அன்னிலேர்ந்து அவர பத்தி கிடைக்கிறதெல்லாம் படிச்சிக்கினு வரேன், உங்க கட்டுரைக்கு நான் பதில் சொல்றதவிட அவரு வாழ்க்கையே சொல்லும்.

1967ல த்ரியெஸ்தேல பொறந்தவரு, இத்தாலிக்கு வடகிழக்கு ஓரத்துல இருக்கிற துறைமுக ஊரு அது. பெரிய கிளப் அகாடமி எதுலயும் வளரல. சின்ன வயசுலயே வேலைக்கு போயிட்டாரு, அலுமினிய ஜன்னல் மாட்டுற வேலை, வேலை முடிஞ்சா உள்ளூர் அமெச்சூர் டீம்ல ஆட்டம். 20 வயசுல தான் பியேவிஜினான்ற சின்ன கிளப்புக்கு போறாரு. அங்கிருந்து பெர்கோக்ரெமா, அது சீரி சி2. இத்தாலி லீக்ல சீரி ஏ தான் உச்சம், அதுக்கு கீழ பி, சி1, சி2, மேலேர்ந்து எண்ணினா நாலாவது படி. அப்புறம் ஃபானோ. அந்த டீம் சி1க்கு ஏறி, 1991-92ல சி1ல அந்த டீம் ஆடின குரூப்புல அதிக கோல் அடிச்சது இவரு. உங்க கணக்குப்படி பாத்தா 25 வயசுல மூணாவது டிவிஷன்ல ஆடுற ஒருத்தன யாரும் திரும்பி பாக்க வேண்டியதே இல்ல. ஆனா செசேனா கிளப் பாத்துச்சி. சீரி பில அஞ்சு வருஷம் ஆடினாரு, 1995-96ல 22 கோல் அடிச்சி அந்த டிவிஷனுக்கே முதல் ஆளா வந்தாரு. அப்போ வயசு 29.

இதுக்கு அடுத்த வருஷம் செசேனா சி1க்கு இறங்கிடுச்சி சார். நெனச்சி பாருங்க, 30 வயசு, டீம் கீழ போவுது, சீரி ஏல ஒரு மேட்ச் கூட ஆடினதில்ல. அப்போ தான் புதுசா மேல ஏறின ப்ரெஷா இவர கூப்பிட்டுச்சி. 1997 ஆகஸ்ட் 31, மிலான்ல சான் சீரோ ஸ்டேடியம், எதிர்ல அந்த ஊரு பெரிய கிளப் இன்டர். அன்னிக்கு உலகமே பாத்துக்கினு இருந்தது பிரேசில் ரொனால்டோவ, இன்டருக்காக லீக்ல அவருக்கு முதல் மேட்ச். ரொனால்டோக்கு அப்போ 20 வயசு. அந்த மேட்ச்ல முதல் கோல் அடிச்சது ரொனால்டோ இல்ல, 30 வயசுல முதல் தடவையா சீரி ஏ பாக்குற ஹூப்னர். கடைசில சப்ஸ்டிட்யூட்டா வந்த ரெக்கோபா தூரத்துலேர்ந்து ரெண்டு அடிச்சி இன்டர் 2-1னு ஜெயிச்சிடுச்சி, அது வேற. அந்த சீசன்ல ஹூப்னர் 16 கோல். அப்படியும் ப்ரெஷா இறங்கிடுச்சி, இவரும் கூடவே சீரி பிக்கு போயி, 2000ல டீம ஏத்தி கூட்டிக்கினு வந்து, அடுத்த வருஷம் ராபர்ட்டோ பாஜ்ஜியோவோட ஜோடியா ஆடி 17 கோல் போட்டாரு.

எனக்கு ரொம்ப புடிச்சது அதுக்கு அப்புறம் நடந்தது. 34 வயசுல பியாச்சென்சா. பெரிய கிளப் இல்ல, வருஷா வருஷம் இறங்காம தப்பிக்கறதே அவங்களுக்கு பெரிய விஷயம். 2001-02 சீசன். அந்த காலத்து சீரி ஏல டிஃபென்டர்னா யாரு? மால்தினி, நெஸ்தா, கன்னவாரோ, துராம். அவங்க நிக்கிற லீக்ல 34 மேட்ச் சீசன்ல 24 கோல் அடிச்சாரு. கூட அதே 24 அடிச்சவரு யுவென்டஸோட த்ரெஸெகே, 2000 யூரோ ஃபைனல்ல எக்ஸ்ட்ரா டைம்ல, போட்டதும் மேட்ச் முடியற கோல்டன் கோல் போட்டு இத்தாலிய அழ வெச்ச அதே ஆளு, அவரு பின்னாடி பந்து குடுக்க சாம்பியன் டீமே இருந்துச்சி. இன்டரோட வியேரி 22. கடைசி நாள்ல தோத்தா பியாச்சென்சா இறங்கிடும்ன்ற நிலைமை, வெரோனாவ 3-0னு அடிச்சாங்க, அதுல ரெண்டு கோல் இவரு போட்டது, வெரோனா இறங்கிடுச்சி. அதிக கோல் அடிச்சவர அங்க காப்போகன்னொனியேரேன்னு சொல்வாங்க, பீரங்கிப்படை தலைவன்ற மாதிரி அர்த்தம். 35 வயசுல அந்த பட்டம், அதுவரைக்கும் அந்த வயசுல யாரும் வாங்கினதில்ல. சீரி ஏ, பி, சி1 மூணுலயும் இந்த பட்டம் வாங்கினவங்க ரெண்டே பேரு, இவரு ஒண்ணு, ஈகோர் ப்ரோத்தி ஒண்ணு. ப்ரோத்தி 1996ல பாரிக்கு 24 கோல் அடிச்சும் அந்த டீம் இறங்கிடுச்சி, அந்த மனுஷனோட கதைய தனியா எழுதணும்.

2002 உலகக்கோப்பைக்கு ஹூப்னர கூப்பிடல. இத்தாலி ஜெர்சிய அவரு ஒரு நாளும் போட்டதில்ல. அது எனக்கு இன்னிக்கும் வருத்தம் தான். 40 தாண்டியும் அமெச்சூர் டீம்ல ஆடிக்கினு இருந்தாரு.

இது ஒருத்தருக்கு அடிச்ச அதிர்ஷ்டம்னு யாராவது சொல்லலாம். அந்த வயசு ரெக்கார்ட 2015ல உடைச்ச லூகா டோனியும் அப்படி தான் வந்தவரு, இருபதுகளோட தொடக்கம் வரைக்கும் சி டிவிஷன்ல கிளப் கிளப்பா சுத்தினவரு, 2005-06ல ஃபியோரென்டினாவுக்கு 31 கோல், 38 வயசுல வெரோனாவுக்கு 22 கோல். உதினேசேல தி நத்தாலே 32 வயசு வாக்குல ரெண்டு வருஷம் தொடர்ந்து 29 கோல், 28 கோல். குவாலியரெல்லா 36 வயசுல சாம்ப்டோரியாவுக்கு 26. இவ்ளோ பேருக்கு ஒரே லீக்ல நடக்குதுன்னா அதுக்கு காரணம் இருக்கணும் இல்லியா.

எனக்கு தோணுற காரணம் ரெண்டு. ஸ்ட்ரைக்கர் வேலைல பாதி கால்ல இல்ல, கண்ணுல இருக்குது. டிஃபென்டர் எந்த தோள் பக்கம் திரும்பறான், கீப்பர் எப்போ ஒரு அடி முன்னாடி வைக்கிறான், பந்து வர்றதுக்கு முன்னாடி எங்க போயி நிக்கணும், இதெல்லாம் ஆயிரம் தடவ தப்பு பண்ணி தான் வரும். ஹூப்னருக்கு பட்டப்பேரு தத்தாங்கா, காட்டெருமைன்னு அர்த்தம், உடம்பு பலம் இருந்துச்சி சரி, ஆனா அவரு கோல பாருங்க, நிறைய கோல் ஒரே டச்சு, ரெண்டே டச்சுல அடிச்சது. சிகரெட் புடிக்கிற பழக்கம் இருந்துச்சின்னும் சொல்றாங்க, அது நம்ம பசங்களுக்கு வேணாம், ஆட்டத்த மட்டும் எடுத்துக்கலாம்.

ரெண்டாவது தான் முக்கியம். அங்க ஏணி இருக்குது. ஏ, பி, சி, அதுக்கு கீழ டி, அதுக்கும் கீழ ஊரு ஊரா அமெச்சூர் டிவிஷன், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தது, ஜெயிச்சா ஏறலாம், தோத்தா இறங்கணும். ஜன்னல் மாட்டுறவனுக்கும் வாரா வாரம் ஒரு உண்மையான மேட்ச் இருக்குது, பாயின்ட்ஸ் டேபிள் இருக்குது, மேல் டீம்காரன் வந்து பாக்க ஒரு காரணம் இருக்குது. 25 வயசு ஹூப்னர் நம்ம ஊர்ல இருந்திருந்தா அவரு ஜன்னல் தான் மாட்டிக்கினு இருந்திருப்பாரு.

நம்ம பக்கம் இன்னா இருக்குதுன்னு சொல்றேன். அந்த 22 வயசு பையன், ஸ்டிச்சிங்ல வேலை பாக்குறவன், இடது கால் அப்படி ஒரு கால் சார், லீவு போட்டு சம்பளத்த விட்டு ஒரு செலக்‌ஷனுக்கு போனான். வரிசைல நின்னவன ஆதார் கார்ட பாத்துட்டு வயசு தாண்டிடுச்சின்னு வெளிய அனுப்பிட்டாங்க, ஒரு பந்து கூட தொட விடல. ஸ்கூல், காலேஜ்ல படிக்கிற வரைக்கும் டோர்னமென்ட் கிடைக்கும், படிப்ப விட்டு வேலைக்கு போனவனுக்கு ஒண்ணும் கிடையாது, பொங்கலுக்கு ஊர்ல யாராவது செவன்ஸ், பக்கத்துக்கு ஏழு பேரு ஆடுற டோர்னமென்ட் நடத்தினா ஆடலாம், முடிஞ்சா அடுத்த பொங்கல். தோல் ஷாப்லயும் ஷூ கம்பெனிலயும் பீடி வேலைலயும் இருக்கிற எத்தினி பையனுங்க கால் இப்படி வீணா போவுதுன்னு எனக்கு ராத்திரில தூக்கம் வராது.

அதனால விளையாட்டு துறைல இருக்கிறவங்களுக்கு உங்க பேப்பர் வழியா கேக்குறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மாவட்டம் மூணா பிரிஞ்சாலும் ஆடுற பசங்க ஒண்ணு தான், மூணுக்கும் சேத்து வேலைக்கு போறவங்களுக்குன்னு ஒரு ஞாயித்துக்கிழமை லீக் வைங்க, வயசு வரம்பு இல்லாம, ரெண்டு டிவிஷன், ஏறி இறங்கற மாதிரி. வெயில் காலத்துல காலைல 6 மணிக்கு ஆரம்பிச்சா 8க்குள்ள முடிச்சிடலாம், எங்க வெயில் தான் உங்களுக்கு தெரியுமே. பரிசு பணம் வேணாம், ரெஃப்ரீயும் கோடு போட்ட கிரவுண்டும் போதும்.

உங்க கிட்ட கேக்குறது ஒண்ணு தான் சார். உள்ளூர் மேட்ச் ரிசல்ட்டு நாலு வரி போடுங்க, யாரு கோல் அடிச்சாங்கன்னு பேரோட. அந்த பையன் அடுத்த வாரம் ஆட வரேன்னு நேத்து தான் சொல்லியிருக்கான், அவன் வீட்டுக்கே போயி ஹூப்னர் சான் சீரோல அடிச்ச கோல காட்டிட்டு வந்தேன், நாலு தடவ திருப்பி திருப்பி பாத்தான். ஞாயித்துக்கிழமை காலைல பள்ளிகொண்டா ஆத்துக்கு உங்க ரிப்போர்ட்டர அனுப்புங்க, பாலத்துலேர்ந்து பாத்தாலே சவுக்கு கட்டை போஸ்ட் தெரியும்.

இப்படிக்கு,
ஷூ கம்பெனி தொழிலாளி,
பள்ளிகொண்டா, வேலூர் மாவட்டம்