வாசல் கண்ணாடியில் உள்ள தாளைப் பற்றி

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். கல்லாவில் வரிசை நிற்கும்போது ஆறுதலாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதுதான் இந்த மடல்.

தாளில் இருப்பது ஒரே வரி. ஜேர்மன் அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரை: மனித மாண்பு மீறப்பட முடியாதது. ஜேர்மனிலும் தமிழிலும் போட்டிருக்கிறோம். கட்சிப் பெயர் இல்லை. ஆனாலும் யாரை நினைத்து ஒட்டினோம் என்று எல்லாருக்கும் விளங்கியிருக்கிறது. மறைப்பானேன், குடியேறி வந்தவர்களை எதிர்க்கும் ஏஎஃப்டி கட்சியைத்தான்.

“பலசரக்குக் கடைக்கு என்னத்துக்கு அரசியல்?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2024 செப்ரெம்பர் 1ஆம் திகதி கிழக்கு ஜேர்மனியில் துய்ரிங்கன், சாக்சன் மாநிலத் தேர்தல்கள். அதற்குச் சில நாள் முந்தி எடேக்கா என்ற பெரிய பலசரக்குக் கடைத்தொடர் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் போட்டது: எங்கள் பழம், மரக்கறிப் பகுதியில் எல்லா நிறமும் உண்டு, நீலம் மட்டும் இல்லை, இயற்கையில் நீலம் எச்சரிக்கை என்று. ஏஎஃப்டியின் நிறம் நீலம். (கத்தரிக்காய் ஊதா என்பதால் தப்பியது.) அந்தப் பக்கத்து எடேக்கா கடைக்காரர் சிலருக்குக் கோபம். எங்களைக் கேட்காமல் மேலிடம் செய்த வேலை என்றார்கள். கல்லாவில் ஏச்சு வாங்குவது அவர்கள்தானே. துய்ரிங்கனில் ஏஎஃப்டி 32.8 வீதம் எடுத்து முதலாவதாக வந்தது. கடைக்காரன் சொல்லி வோட்டு மாறும் என்று நாங்களும் நம்பவில்லை.

எங்களுக்குப் பிடித்தது திருகாணி விற்கும் றைன்ஹோல்ட் வூர்த்தின் வழி. 2024 மார்ச்சில், 88 வயதில், ஜேர்மனியிலுள்ள தன் 25,000 தொழிலாளருக்கு, ஏஎஃப்டிக்குப் போடாதீர்கள் என்று காரணங்களோடு தன் பெயரிலேயே கடிதம் எழுதினார். 2025 நவம்பரில் குடும்ப நிறுவனங்களின் சங்கம் அந்தக் கட்சியோடு கதைக்கலாம் என்று கதவைத் திறந்தபோது சோப்பு, சம்பூ விற்கும் றொஸ்மான் கடைத்தொடர் சங்கத்தை விட்டே விலகியது. பிறகு சங்கமும் பின்வாங்கியது.

ஆனால் எங்களை எழுத வைத்தது வேறொரு கேள்வி. “நாங்கள் வந்து முப்பது வருசம். வரி கட்டுகிறம், பாஸ்போட்டும் எடுத்தாச்சு. ஏஎஃப்டி திருப்பி அனுப்பப் போறன் எண்டு சொல்லுறது பிறகு வந்த ஆக்களைத்தானே?”

இதைக் கேட்ட அண்ணைமாரோடு எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் இந்தக் கதையை நாங்கள் ஊரில் ஒருக்கால் கேட்டிருக்கிறோம். 1948இல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியபோது, அது தோட்டத்து ஆக்களின் பிரச்சினை என்று வடக்கில் இருந்தவர்கள் எத்தனை பேர். தமிழ்க் காங்கிரஸ் அந்த அரசாங்கத்திலேயே போய்ச் சேர்ந்தது. அதை ஏற்காமல் பிரிந்த செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1956இல், 24 மணித்தியாலத்தில் சிங்களம் மட்டும் என்று சொல்லிப் பண்டாரநாயக்கா வென்றார். அது தோட்டத்தோடு நிற்கவில்லை, யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மாரின் மேசைக்கும் வந்தது. சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையைக் காக்க 29ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கத்தான் இருந்தது, ஆனால் அது எங்களைக் காக்கவில்லை. 1983 யூலையில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீடுகளையும் கடைகளையும் தேடி வந்தார்கள்.

ஜேர்மனி இலங்கை இல்லை, அதுவும் தெரியும். கண்ணாடியில் இருக்கும் அந்த வரியில் சொல்லியிருப்பதைப் பாராளுமன்றம் முழுக்கக் கை தூக்கினாலும் அழிக்க முடியாது. 79ஆம் உறுப்புரை அதைத் தடுக்கிறது. ஆனால் 2025 ஜனவரியில் ஏஎஃப்டித் தலைவர்களில் ஒருவரான வைடல் கட்சி மாநாட்டு மேடையில் “றெ-மி-க்ரா-சியோன்” என்று எழுத்துக்கூட்டிச் சொல்ல, மண்டபம் கைதட்டியது. ஆக்களைத் திருப்பி அனுப்புவதற்கு அவர்கள் வைத்த பெயர் அது. அதே வருசம் செப்ரெம்பரில் எங்கள் மாநிலமான நோர்ட்றைன்-வெஸ்ற்பாலனில் கெல்சன்கியர்சன், டுயிஸ்பூர்க், ஹாகன் ஆகிய மூன்று நகரங்களிலும் மேயர் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்கு ஏஎஃப்டி வந்தது. மூன்றிலும் தோற்றது, மற்றக் கட்சிக்காரரும் சேர்ந்து போய் எதிர்த்து வோட்டுப் போட்டபடியால்.

ஆகவே தாளைக் கழற்றமாட்டோம். ஏஎஃப்டிக்குப் போடுகிறவரும் இங்கே தாராளமாக வரலாம். அவருக்கும் அதே விலைதான். அந்த வரி அவருக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது.

தபால் வாக்குக்கு விண்ணப்பிக்கும் முறையைத் தமிழில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் எடுத்துப் போங்கள். யாருக்குப் போடுவது என்று அதில் இல்லை. எங்களோடு சண்டை பிடிக்க விரும்புகிறவர்கள் செவ்வாயோ புதனோ வாருங்கள், தேத்தண்ணியோடு கதைப்பம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு மரக்கறி இறங்கும்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்